என் தேன்பெட்டியில் நீ கரைத்து வைத்த மருந்து

மகன்,

ஃபோனில் கதைத்தால் நான் சத்தம் போடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ பாதியில் மடித்து வைத்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம். போன கிழமை நீ என்னிடம் இரண்டு விஷயம் சொன்னாய். தேன் கம்பனியில் உனக்கு வேலை கிடைத்துவிட்டது, வருகிற மாதம் வவுனியாக் கிளையில் சேரப்போகிறாய் என்பது ஒன்று. என் தேனீக்களுக்கு எனக்குத் தெரியாமல் மருந்து கரைத்து வைத்தது நீதான் என்பது மற்றது. முதலாவதைச் சந்தோஷமாகத் தொடங்கினாய், இரண்டாவதை அழுதுகொண்டு முடித்தாய். நீ அழுததால் அதற்காக அன்றைக்கு உன்னை ஏசவில்லை. அந்தக் கோபம் ஃபோனை வைத்த பிறகுதான் தொடங்கியது, இன்னும் அடங்கவில்லை. அது அடங்கும்வரை பொறுத்திருந்து எழுதினால் ஒரு சாந்தமான தாய் எழுதிய கடிதம் போல இருக்கும். இப்போது அப்படி ஒருத்தி இந்த வீட்டில் இல்லை.

இந்தத் தேனீக்கள் எனக்கு எப்படி வந்தன என்று உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். சண்டை முடிந்து முகாமிலிருந்து ஸ்கந்தபுரத்துக்குத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. வளவு முழுக்கக் காடு மண்டிக் கிடந்தது. கிணற்றடியில் யாரோ விட்டுப்போன, தண்ணீர் பிடித்து வைக்கும் நீலப் பரல் ஒன்று சரிந்து கிடந்தது, அதற்குள் ஒரு கூட்டம் தேனீ அடை கட்டியிருந்தது. அப்பா பந்தம் கொளுத்திக்கொண்டு வந்தார். "பிள்ளை திரியிற இடம், குத்திப்போடும்" என்றார். நீ அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கவில்லை. நான்தான் மறித்தேன். எங்களைப் போல அதுகளும் இருக்க ஓர் இடம் தேடி வந்ததுகள், நாங்கள் வர முதலே வந்து இருந்ததுகள், எந்த நியாயத்தில் எழுப்புவது என்று கேட்டேன். அப்பா பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தார். பிறகு மாதர் சங்கத்தில் தேனீ வளர்ப்புப் பழக்கிய போது நான் முதல் ஆளாகப் போனேன். பரலில் இருந்த கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றிய அன்று நீ என் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாய், இமையில் குத்து வாங்கினாய், முகம் வீங்கிக்கொண்டே தேன் நக்கினாய். அந்தக் கூட்டத்திலிருந்துதான் பிறகு வந்த பெட்டிகள் எல்லாம் பிரிந்தன. உன் பள்ளிக்கூடச் சப்பாத்தும், பிறகு வவுனியாவில் நீ டிப்ளோமா படித்ததும் அப்பாவின் உழவுமெசின் ஓட்டத்தால் மட்டும் நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மருந்து போடாமல் வளர்க்கிறேன் என்று சொன்னால், ஒன்றும் செய்யாமல் சோம்பேறியாய் விடுகிறேன் என்று சிலர் நினைக்கிறார்கள். நீயும் அப்படி நினைத்தாயோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. பெட்டிக் கால்களுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை காயாமல் பார்ப்பது யார்? எறும்பு ஏறினால் கூட்டம் எழும்பிப் போய்விடும். அடித்தட்டைக் கூட்டி மெழுகுப் பூச்சியின் புழுவை நசுக்குவது யார்? கறுத்துப்போன பழைய அடையை வெட்டி எடுத்துப் புது அடை கட்ட விடுவது, வெயில் ஏறினால் தென்னோலைக் கிடுகு சாத்துவது, பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கு மருந்து அடிக்கும் நாளைக் கேட்டறிந்து வாசலை மூடி வைப்பது, எல்லாம் வேலைதான். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, தேன் முழுவதையும் வழித்து எடுக்காமல் அதுகளுக்கு என்று ஒரு பங்கை விட்டு வைப்பது. பாலை மரம் பூத்து முடிந்த பிறகு மழை வரும்வரை அதுகள் எதைச் சாப்பிடும்? முழுவதையும் நாங்கள் எடுத்துக்கொண்டு சீனிப்பாணி ஊற்றுவது, பிள்ளையின் சோற்றை எடுத்துத் தின்றுவிட்டுச் சர்க்கரை கொடுப்பது போல எனக்குப் படும். பட்டினியில் வளரும் கூட்டத்துக்குத்தான் நோய், வருத்தம் முதலில் வரும்.

மருந்துக்கு நான் எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. நீ சின்ன வகுப்பில் படித்தபோது ஒருமுறை காய்ச்சலில் கிடந்தாய். ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த டொக்டரிடம் நல்ல குளிசை தாருங்கள் என்று மன்றாடினேன். அவர் தரவில்லை. "இது வைரஸ் காய்ச்சல், அம்மா. அன்டிபயோட்டிக் இதுக்குக் கேக்காது. தண்ணி குடுங்கோ, படுக்க விடுங்கோ, கூடினாக் கொண்டு வாங்கோ" என்றார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம். நீ எழும்பி ஓடத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன், எது வருத்தம் என்று தெரிந்து, அதற்கு எது கேட்கும் என்று தெரிந்து கொடுப்பதுதான் மருந்து. வேண்டாத இடத்தில் வேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரும் வைத்தியம்தான் செய்தார்.

பிறகு தேன் கம்பனி ஊருக்கு வந்தது. எங்கள் தேனை மொத்தமாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள் என்றார்கள். நானும் சேர்ந்தேன். சேர்ந்தது பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை, தேனை விற்கத்தானே வேண்டும். களத்து உத்தியோகத்தராக வந்தவர் சுதன். நல்ல சிரித்த முகம், எல்லோரையும் அக்கா, அம்மா என்று கூப்பிடுவார். மாதர் சங்கத் தலைவி கமலா அக்காவின் வீட்டு முற்றத்தில் எல்லோருக்கும் பெட்டி பகிர்ந்தபோது ஆளுக்கொரு சின்னப் பைக்கற்றும் கொடுத்தார். உள்ளே மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒரு தூள். பைக்கற்றில் ஓர் எழுத்துக்கூட இல்லை. நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"இது என்ன மருந்து, சேர்?"

"வருத்தம் வராமல் இருக்கக் குடுக்கிறது, அக்கா. சீனிப்பாணியில கரைச்சு வையுங்கோ."

"என்ன வருத்தம் வராமல்?"

"எல்லாத்துக்கும் நல்லது."

"என்ர பெட்டியில ஒரு வருத்தமும் இல்லையே."

"அதுதான் அக்கா, வர முதல் குடுக்கச் சொல்லுறம்."

அவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். நான் பைக்கற்றைத் திருப்பிக் கொடுத்தேன். கமலா அக்கா வாங்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நம்பி வாங்கினார், சொன்னபடி கரைத்து வைத்தார், ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். படித்த ஒருவர் கம்பனியின் பெயர் போட்ட சேர்ட்டோடு வந்து சொல்லும்போது நம்புவது குற்றமா? நம்பியவரைக் குற்றவாளியாக்கினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த வருடம் நோய் வந்தது. முதலில் கமலா அக்காவின் வளவில். புழுக்கள் அறைக்குள்ளே தலையை மேலே தூக்கியபடி செத்துக் கிடந்தன. நுள்ளி எடுத்தால் தோல் பை போலத் தொங்கியது, உள்ளே தண்ணீர். சுதன் வந்து பார்த்துவிட்டு அந்தத் தூளை இன்னும் கூட்டிப் போடச் சொன்னார். கூட்டிப் போட்டார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. அந்த நேரம் நீ விடுமுறையில் வீட்டில் நின்றாய். என் பெட்டிகளில் அப்போது நோய் தெரியவில்லை. சின்னம்மாவின் மகளுடைய கலியாணத்துக்கு நான் வவுனியாவுக்குப் போக வேண்டியிருந்தது. சிரட்டைகளில் தண்ணீர் காயாமல் பார், பெட்டியைத் திறவாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது பெட்டிகளுக்கு மேலே சீனிப்பாணிக் கிண்ணங்கள் இருந்தன. ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "அதுகள் பசியில நிண்ட மாதிரி இருந்திதம்மா, அதுதான் வைச்சனான்" என்றாய். ஏசினேன், ஆனால் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். என் பிள்ளைக்கு இதுகளில் இரக்கம் இருக்கிறது என்று நினைத்தேன். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததும் நான்தான்.

கொஞ்ச நாளில் என் பெட்டிகளிலும் நோய் தெரிந்தது. ஊருக்கு வந்த விவசாயப் போதனாசிரியை ஒருவரிடம் நோயுள்ள அடைத் துண்டைக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உடனேயே சொன்னார், இது தேனீப் புழுவுக்கு வரும் வைரஸ் நோய், இதற்கு எந்தத் தூளும் கேட்காது என்று. என்ன செய்ய வேண்டும் என்றும் விளக்கமாகச் சொன்னார். ராணியைப் பிடித்துச் சின்னக் கூட்டில் அடைத்து வைக்க வேண்டும். முட்டை இடுவது கொஞ்ச நாளைக்கு நின்றால் நோய் பிடிக்கப் புதுப் புழு இருக்காது. செத்த புழு உள்ள அடைகளை வெட்டிப் புதைக்க வேண்டும். வேலைக்காரத் தேனீக்கள் மிச்ச அறைகளைத் தாங்களே துப்புரவாக்கும். அதன் பிறகு, நோயைத் தாங்கி நின்ற கூட்டத்திலிருந்து புது ராணி எழும்ப விட வேண்டும். அவர் சொன்னபடி செய்தேன். எல்லாம் பிழைத்தது என்று பொய் சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு பெட்டியைத் திறந்தபோது அடைகள் மட்டும் தொங்கின, ஒரு தேனீ இல்லை. பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்துவிட்டேன். அப்பா வந்துதான் எழுப்பினார். ஆனால் தாங்கி நின்றவை திரும்ப எழும்பின. பாலை பூத்தபோது தேன் கொண்டு வந்தன. அந்தத் தேனைப் பிழிந்த அன்று எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியும். உன்னிடம்தான் முதலில் ஃபோன் எடுத்துச் சொன்னேன். "நல்லது அம்மா" என்றாய். உடனே ஃபோனை வைத்துவிட்டாய்.

தேனைக் கம்பனி எடுத்துப்போய்ச் சோதித்தது. மருந்து கலந்திருக்கிறது, வெளிநாட்டில் வாங்கமாட்டார்கள் என்று திருப்பிவிட்டார்கள். பொதுமண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கம்பனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து முன் மேசையில் இருந்தார், பக்கத்தில் சுதன். பெரியவர் கதைத்ததை நான் மறக்கமாட்டேன். நீங்கள் கண்டதையும் வாங்கிப் போட்டிருக்கிறீர்கள், உங்களுக்குச் சுத்தம் பழக்கியது வீண், இந்தச் சனத்தோடு தொழில் செய்ய ஏலாது என்றார். எங்கள் ஆட்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே குடியேறியபோது கையோடு கொண்டு வந்தது அதிகம் இல்லை, ஆனால் "இந்தச் சனம்" என்ற பேச்சு மட்டும் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. என் அம்மாவைக் கிணற்றடியில் வைத்து அப்படிச் சொன்னதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். அந்தச் சொற்களை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கமலா அக்கா எழும்பி, "நாங்கள் கண்டதைப் போடேல்லை ஐயா. உங்கட சுதன் சேர் தந்ததைத்தான் போட்டனாங்கள்" என்றார். பெரியவர் சுதனைப் பார்த்தார். சுதன், "சீனிப்பாணி வைக்கச் சொன்னனான். மருந்து போடச் சொல்லேல்லை" என்றார். முற்றத்தில் வைத்து என் கையில் தந்த மனிதர் இவர், மகன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

நான் எழும்பினேன். "எனக்கும் தந்தவர். நான் வேண்டாம் எண்டு திருப்பிக் குடுத்தனான். என்ர பெட்டியில ஒரு துளி மருந்து போகேல்லை. வேணுமெண்டா என்ர தேனைத் தனியச் சோதிச்சுப் பாருங்கோ" என்றேன். உன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை, அவ்வளவுதான் மிச்சம். கமலா அக்கா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "இவா பொய் சொல்லுற ஆள் இல்லை. இவான்ர தேனில மருந்து இருந்தா, நாங்கள் எல்லாரும் பொய்க்காரர் எண்டு எழுதுங்கோ" என்று சபையில் சொன்னார். சுதன் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தார். என் பெட்டிக்குப் போகவென்று உன் கையில் மருந்து கொடுத்தவர் அவர்தான் என்று இப்போது எனக்குத் தெரியும். நான் எழும்பிச் சவால் விட்டபோது முடிவு என்ன வரும் என்று அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தன் கைபேசியைத் தடவிக்கொண்டு இருந்தார்.

முடிவு வந்தது. என் தேனிலும் மருந்து. கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. பெரியவர் மறுபடியும் வந்து எல்லோருக்கும் முன்னால் அதை வாசித்தார். "அம்மா, வயசுக்கு ஒரு மரியாதை இருக்கு. பொய் சொல்லக்கூடாது" என்றார். அதைவிட மோசம், எல்லோரும் கமலா அக்காவைப் பார்த்தார்கள். எனக்காகச் சபையில் வார்த்தை கொடுத்த மனுசி தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். அதன் பிறகு தூளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. இவர்களே பொய் சொன்னவர்கள் என்றால் மற்றவர்களை எப்படி நம்புவது என்று கதை முடிந்துவிட்டது. அன்றிலிருந்து சந்தைக்குப் போனால் ஆட்கள் என்னோடு அளவாகத்தான் கதைத்தார்கள். கமலா அக்கா மட்டும் வழக்கம் போலச் சைக்கிளை நிறுத்தி, "என்ன சமைச்சனீ?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாளும் அவர், "ஏன் அப்படிச் சொன்னனீ?" என்று என்னிடம் கேட்கவில்லை. சோதனை பிழை, என் தேனை மாற்றியிருப்பார்கள் என்று மாதக்கணக்காக நான் எரிந்துகொண்டு திரிந்தேன். அந்த மாதங்களில் எத்தனை முறை உன்னிடம் ஃபோனில் புலம்பினேன். நீ கேட்டுக்கொண்டு இருந்தாய். "விடுங்கோ அம்மா, மறந்துபோடுங்கோ" என்றாய்.

போன கிழமை நீ வேலை கிடைத்ததைச் சொன்னாய். எடுத்துத் தந்தது சுதன் அண்ணை என்றாய். நான் கத்தினேன். "என்னைப் பொய்க்காரி ஆக்கினவனிட்டையா வேலைக்குப் போறாய்?" என்று கேட்டேன். நீ அழத் தொடங்கினாய். பிறகுதான் சொன்னாய்.

"அம்மா, அது நான் போட்டது. சுதன் அண்ணைதான் தந்தவர். நீங்கள் கலியாணத்துக்குப் போன நேரம்."

"அவன் என்ன சொல்லித் தந்தவன்?"

"அம்மாவுக்குச் சொல்லாத, பெட்டி பிழைச்சாச் சரிதானே எண்டவர். பெட்டியெல்லாம் செத்தா நீங்கள் தாங்கமாட்டியள் எண்டு பயந்திட்டன், அம்மா."

நீ பயந்தாய் என்பதை நான் நம்புகிறேன். அது என்மேல் உள்ள அன்பு என்பதும் எனக்குத் தெரியும். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார், "பெடியன் பயத்தில செய்தது, விடு." அவரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். என்மேல் அன்பு என்றால் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நான் இல்லாத நேரம் பார்த்துச் செய்துவிட்டு அதற்கு அன்பு என்று பெயர் வைத்தால் நான் ஏற்கமாட்டேன். நான் என்ன விவரம் தெரியாத குழந்தையா? அந்தப் பெட்டிகள் என்னுடையவை. அவற்றுக்கு எது நல்லது என்று யோசித்து ஒரு முடிவு எடுத்தவள் நான். நீ டிப்ளோமாவுக்குப் போன நாளிலிருந்து, என் முடிவு படிக்காத பொம்பிளையின் பிடிவாதமாக உனக்குத் தெரியத் தொடங்கிவிட்டது. சரி, படித்த உனக்கு அந்தத் தூள் என்னவென்று தெரியுமா? போதனாசிரியையும் படித்தவர்தான், புழுவைப் பார்த்தார், நோயின் பெயரைச் சொன்னார், பிறகுதான் வைத்தியம் சொன்னார். பைக்கற்றில் எழுத்தில்லாத தூளைத் தாயின் பெட்டிக்குள் வைக்க முதல் நீ யாரிடம் என்ன கேட்டாய்?

சுதன் அதை ஏன் உன் கையில் தந்தார் என்று இந்தக் கிழமை முழுவதும் யோசித்தேன். என் தேனீக்களில் அவருக்கு என்ன கவலை? ஊரெல்லாம் தூள் போட்டும் பெட்டிகள் செத்துக்கொண்டிருந்தன. தூள் போடாத வளவு ஊரில் என்னுடையது ஒன்றுதான். அது பிழைத்தால் சனம் கேள்வி கேட்கும். அதிலும் மருந்து போய்விட்டால், பிழைத்தால் மருந்தால் பிழைத்தது என்று சொல்லலாம், செத்தால் எல்லோருடையதும் செத்தது என்று சொல்லலாம். நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம், அவர் இரக்கத்தில் தந்தும் இருக்கலாம். ஆனால் நடந்தது என்ன? மருந்தில்லாமலும் தேனீ வளர்க்கலாம் என்று கை நீட்டிக் காட்ட ஊரில் ஒரு பெட்டி மிச்சமில்லை. என் வருடக்கணக்கான உழைப்பை ஒரு கிண்ணம் சீனிப்பாணியில் கரைத்துவிட்டீர்கள், இரண்டு பேரும்.

நீ இன்னொன்றும் சொன்னாய். "நான் வேலைக்குப் போற இடத்தில என்ன மருந்து எண்டு தீர்மானிக்கிறது மேல உள்ளவை, அம்மா. நான் குடுக்கிற ஆள் மட்டும்தான்." மகன், நீ மருந்து போட்டதைவிட இந்தக் கதைதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. மேலே உள்ளவர் பெட்டியைக் கண்டிருக்கமாட்டார். அவர் அங்கே சொல்வார், நீ இங்கே கொடுப்பாய், பிழையாகிப்போனால் அவர் சொல்லவில்லை என்பார், நீ கொடுக்கவில்லை என்பாய், நடுவில் கமலா அக்கா போன்ற ஒரு மனுசி சபையில் தலை குனிவார். சுதனும் பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவர் இல்லை. அவரும் ஒரு காலத்தில் யாருக்கோ நல்ல மகனாக, நான் கொடுக்கிற ஆள் மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்திருப்பார். அந்த வேலையை வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. வேலை கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். போவதென்றால், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுகிற வாயோடு போ. இல்லாவிட்டால் வீட்டில் இரு, அப்பாவோடு உழவுமெசின் ஓட்டு. அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நேற்றுக் காலை நான் கமலா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன், உன் பெயரோடு. திருவுவதை நிறுத்தினார். கோபப்படுவார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "அப்ப நீ பொய் சொல்லேல்லை" என்று மட்டும் சொன்னார். திரும்பவும் அதையே சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதங்களில் அவரும் எனக்குத் தெரியாமல் எதையோ சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் பொய் சொன்னேன் என்று உள்ளுக்குள் நம்பிக்கொண்டே என்னோடு சைக்கிளை நிறுத்திக் கதைத்திருக்கிறார். நீ மறைத்ததால்தான் அவர் இவ்வளவு காலம் அந்தச் சுமையோடு திரிந்தார். இதுவரை எழுதியதை முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டினேன். ஊரில் யார் கேட்டாலும் வாசிப்பேன், ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை.

வருகிற சனிக்கிழமை கம்பனி மறுபடியும் பொதுமண்டபத்துக்கு வருகிறது. எங்கள் ஊரிடம் தேன் வாங்குவதை அடியோடு நிறுத்துவதாக அறிவிக்கப்போகிறார்கள் என்று கதை. வேலையில் சேர முதல் ஒரு தடவை பார்க்கவென்று நீயும் சுதனோடு கம்பனி வாகனத்தில் வருவதாகச் சொன்னாய். வா. நான் எழும்பி, என் தேனில் மருந்து இருந்தது உண்மை, வைத்தது என் மகன், கொடுத்தது இந்த மேசையில் இருக்கும் இவர் என்று சொல்லப்போகிறேன். சுதன் மறுப்பார். நீ வாய் திறந்தால்தான் அது நிற்கும், நீ திறக்காவிட்டால் நான் இரண்டாம் முறையும் பொய்க்காரி ஆவேன். அதற்கும் நான் ஆயத்தம். ஆனால் உண்மையை நீயே சொன்னால், உன் வேலை போனாலும் போகலாம், எங்கள் தேனைத் திரும்ப வாங்காமலும் விடலாம். அதை மறைத்து உன்னைக் கூப்பிடவில்லை. முன் மேசையில் உனக்கும் ஓர் இடம் போட்டிருப்பார்கள். இந்தப் பக்கம், சனத்தோடு, தனக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு கதிரை பிடித்து வைப்பதாகக் கமலா அக்கா சொல்கிறார்.

அம்மா